ஆயாவின் தையல் மிஷின்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

தங்கச்சி, படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். காவேரிப்பட்டணத்துப் பக்கம் ஊர். ஆயா, அதாவது உங்கள் பாட்டி, தவறிய பிறகு அவருடைய கறுப்பு சிங்கர் கால் மிஷின் உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. பல வருஷம் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததில் வீல் அசையவே மாட்டேன் என்கிறது. அண்ணன் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். சித்தப்பா பையன் பெயின்ட் அடித்து மோட்டார் மாட்டலாம் என்கிறான். பக்கத்து வீட்டுக்காரரோ பழைய சிங்கருக்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாம், அவசரப்படாதே என்கிறார். நீங்கள் ரவிக்கை தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். இதில் தைக்க முடியுமா, இதற்குச் செலவு செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள், முதலில் வீலைச் சுற்ற வையுங்கள் என்பதுதான் என் பதில். அதற்கு வேண்டியது ஒரு பாட்டில் மிஷின் ஆயில், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பாக்கெட் ஊசி, ஒரு தோல் பெல்ட். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இறுகிக் கிடக்கிற மிஷினைப் பார்த்ததும் ஆயுள் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வருவதில் பெரும்பாலானவற்றில் இரும்பு தேய்ந்திருப்பதில்லை, எண்ணெய்தான் காய்ந்து பிசினாகியிருக்கும். ஓடாத மிஷினை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஓடினால் ஒரு பேச்சு, ஓடாவிட்டால் வேறு பேச்சு.

லட்ச ரூபாய்க் கதையை முதலில் தீர்த்துவிடுவோம், அது ஒன்றுதான் உங்களைக் குழப்பும். 2009ல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கர் மிஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற விலை உயர்ந்த பொருள் இருக்கிறது, செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் லைன் கட்டாகும், அப்படி ஆனால் அசல் என்றார்கள். ஜனங்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓட, விலை தாறுமாறாக ஏறியது. அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் மிஷினிலும் கிடையாது. இருப்பது வார்ப்பிரும்பு, எஃகு, கொஞ்சம் நிக்கல் பூச்சு, அவ்வளவுதான். அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது என்று சொல்லி ஏமாற்றி விற்கிற 'ரைஸ் புல்லிங்' கலசம் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதே வித்தைதான், பாத்திரத்துக்குப் பதில் மிஷின். யாராவது செல்போனை வைத்துச் சோதிக்கிறேன், சோதனைக்கு முன்பணம் கட்டுங்கள் என்று வந்தால் திண்ணையிலேயே அனுப்பிவிடுங்கள்.

அபூர்வப் பொருள் என்ற கணக்கிலும் பெரிய விலை வராது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கருக்கு ஒரு ராட்சதத் தொழிற்சாலை இருந்தது. 1913ஆம் வருஷம் மட்டும் அங்கிருந்து பத்து லட்சத்துக்கும் மேலே மிஷின் வெளியே போயிருக்கிறது. இந்தியா முழுக்கத் தவணை முறையில் விற்றார்கள், அதனால்தான் சின்னச் சின்ன ஊர்களில்கூட வீட்டு மூலையில் ஒன்று கிடக்கிறது. அப்படி லட்சக்கணக்கில் வந்த பொருள், வயசாகிவிட்டது என்பதற்காகப் புதையலாகிவிடாது.

அண்ணன் சொல்லும் வழிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மிஷின் தலை, அதாவது ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற தைக்கும் பகுதி, சுமார் 12 முதல் 14 கிலோ, வார்ப்பிரும்பு ஸ்டாண்டு இருபது கிலோவுக்கு மேலே. கிலோ முப்பது ரூபாய் என்று வைத்தால் மொத்தமாக ஆயிரம், ஆயிரத்து இருநூறு தேறும். இந்த விலை அடுத்த வருஷமும் கிடைக்கும், அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. பெங்களூருவிலிருந்து வருகிறவர்கள் ஸ்டாண்டை மட்டும் கேட்பார்கள். அதன் மேல் கிரானைட் பலகை போட்டு ஓட்டலில் மேஜையாக வைப்பார்கள், வாஷ்பேசின் மாட்டுவார்கள். தலையை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஸ்டாண்டில் சிங்கர் பெயர் தெளிவாக இருந்தால் இரும்பு விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கத் தயாராக இருப்பார்கள். விற்பதாக இருந்தாலும் இது தெரியாமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சரி, உங்களிடம் இருப்பது எந்த மிஷின்? தலையின் அடித்தட்டில் வலது பக்கம், வீலுக்குக் கீழே, ஒரு எண் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தெரியும். எழுத்தே இல்லாமல் வெறும் எண் இருந்தால் 1900க்கு முந்தையது. எழுத்தோடு தொடங்கினால் அதற்குப் பிந்தையது. 'ஒய்' (Y) என்ற ஒற்றை எழுத்து 1920களையும் முப்பதுகளின் தொடக்கத்தையும் காட்டும். 'இ' (E) என்று தொடங்கி இரண்டு எழுத்து இருந்தால் முப்பதுகளின் நடுவிலிருந்து வந்தது. இந்த இரண்டும் கிளைட்பேங்க் எழுத்துகள். 15கே, 66கே என்று மாடல் எண்ணோடு வரும் 'கே' (K) அந்தத் தொழிற்சாலை இருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிப்பது.

சிங்கர் என்று வீட்டில் சொல்லி வந்தது உஷாவாகவோ வேறு கம்பெனியாகவோ இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். நம் ஊரில் கறுப்பு மிஷின் எல்லாமே வாய்ப்பேச்சில் சிங்கர்தான். உஷா, கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930களில் செய்ய ஆரம்பித்த மிஷின். அதை மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பேர் கிடைப்பதைப் பார்த்தால் உஷா வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர்.

மேல்பலகையின் கீழே டிராயர் இருந்தால் அதில் பழைய பில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். முகவரியில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் அது 1965 அக்டோபருக்கு முன்னால் எழுதியதாக இருக்கலாம், தர்மபுரி தனி மாவட்டமானது அப்போதுதான். உங்கள் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004ல். பில்லை எறிந்துவிடாதீர்கள். டிராயரில் கிடக்கிற சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளையும் குப்பை என்று கொட்டிவிட வேண்டாம். சுருக்கம் வைக்கிற ஃபுட், ஓரம் மடிக்கிற ஃபுட், அடிநூல் சுற்றுகிற பாபின் ஒன்றிரண்டு அதில் இருக்கும்.

வயசைவிட முக்கியம் பாபின். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைத் தள்ளித் திறந்து பாருங்கள். இடது பக்கத்திலிருந்து வட்டமான பாபின் கேஸைப் பிடுங்கி எடுக்கிற மாதிரி இருந்தால் அது 15ஆம் நம்பர் வகை. உஷா முதல் ஏராளமான இந்திய மிஷின்கள் இந்த அமைப்பைப் பார்த்துச் செய்தவைதான், அதனால் பாபின், பாபின் கேஸ், மேல் நூலைப் பிடித்து அடிநூலோடு பின்னுகிற ஷட்டில் எல்லாம் கிருஷ்ணகிரியிலேயே கிடைக்கும். பாபினை மேலிருந்து குழிக்குள் போடுகிற மாதிரி இருந்தால் 66 வகை. அதற்கு வேறு பாபின், கொஞ்சம் தேட வேண்டும், ஆனால் கிடைக்கும். மூன்றாவது, படகு போல நீண்ட ஷட்டில், அதற்குள் மெல்லிய குச்சி மாதிரி பாபின். இதுதான் பழசிலும் பழசு. ஓடும்போது பார்க்க அத்தனை அழகு. ஆனால் பாபின் ஒன்று தொலைந்தால் சேலமோ பெங்களூருவோ அலைய வேண்டும். இந்த மூன்றில் எது என்பதை வைத்தே என் முடிவு பாதி அமைந்துவிடும்.

இப்போது வீலை விடுவிக்கும் வேலை. இதில் பொறுமை வேண்டும், பலம் வேண்டாம். தலையின் வலது பக்கத்துச் சின்ன வீலின் நடுவில் ஒரு திருகு நாப் இருக்கும், பாபின் சுற்றும்போது தளர்த்துவோமே, அதுதான். அதைத் தளர்த்திவிட்டு வீலைத் திருப்புங்கள். வீல் மட்டும் சுற்றினால் இறுக்கம் தலைக்குள்ளே. அப்போதும் வீல் அசையவில்லை என்றால் வீலின் உள் புஷ்ஷிலேயே எண்ணெய் காய்ந்திருக்கிறது. எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாமல் வீலில் தொங்கினால் உள்ளே ஏதாவது வளையும்.

அடுத்து ஷட்டில் பக்கம். ஷட்டில் ஓடுகிற பள்ளத்தில் ஒரே ஒரு நூல் இழை சிக்கியிருந்தாலும் மொத்த மிஷினும் பாறை மாதிரி நின்றுவிடும். பாபின் கேஸை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து, கொக்கி ஊசியால் நூலையும் பஞ்சையும் இழுத்து எடுங்கள். சில சமயம் இதோடு வேலை முடிந்துவிடும். ஷட்டிலைக் கழற்ற வேண்டி வந்தால் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகளை ஒரு தட்டில் வையுங்கள். சிங்கர் திருகுகளின் மரை அவர்களுக்கே உரிய அளவு. ஒன்று உருண்டு ஓடினால் ஹார்டுவேர் கடையில் மாற்றுக் கிடைக்காது.

அப்புறம்தான் எண்ணெய். தலையின் மேலே, பக்கத்தில், இடது முனையில் ஊசிக்கு மேலே இருக்கும் முகத் தட்டுக்கு உள்ளே, அடிப்பக்கத்தில் என்று இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு இடத்திலும் துளையோ இடுக்கோ இருக்கும். மேல் துளைகளை ஊசியால் குத்திப் பாருங்கள். நம் வீட்டு மிஷின்களில் அந்தத் துளை திறந்திருப்பதே அதிசயம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கல் மாதிரி அடைத்திருக்கும், அதன் மேலே குங்குமம், அதற்கும் மேலே தூசி. எண்ணெய் விட்டோம் என்று வருஷக்கணக்கில் அந்தச் சந்தனத்தின் மேலேயே விட்டிருப்பார்கள், உள்ளே ஒரு சொட்டும் போயிருக்காது. சுரண்டி எடுத்துவிட்டு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் துரு விடுவிக்கிற ஸ்ப்ரே போதும். தலையைக் கழற்றி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்குக் கறுப்பு இரும்பு நன்றாகச் சூடேறும், பிசின் இளகும். பிறகு வீலை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு நூல் அளவு அசைந்தாலும் போதும், வழிக்கு வந்துவிட்டது. மறுநாள் மறுபடி விடுங்கள். இப்படி ஒரு வாரம்கூட ஆகலாம். சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள், வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

வீல் சுழல ஆரம்பித்ததும் இடுக்குகளிலிருந்து கறுப்புச் சேறு வழியும். அது வழிவது நல்லது, துடைத்துக்கொண்டே இருங்கள். மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்ட அல்ல. அது காய்ந்த பிறகு அசல் வெள்ளை மிஷின் ஆயிலை ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, வீலை நிறையச் சுற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். இந்த மிஷின் இறுகியதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். கையில் இருந்தது அதுதான் என்று பாட்டிமார் எல்லோரும் அதை விட்டிருக்கிறார்கள். விட்ட அன்று வெண்ணெய் மாதிரி ஓடும், சில மாதத்தில் பசையாகிவிடும். கடலை எண்ணெய்க்கும் இதே கதைதான்.

இவ்வளவு செய்தும் சுற்றவில்லை என்றால், அல்லது சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று பிடித்தால், அப்போது மெக்கானிக்கிடம் போங்கள்.

இதற்கிடையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தலை கீழே விழுந்திருந்தால் கழுத்து அடித்தட்டோடு சேரும் இடத்திலோ, பின்பக்கம் கீல் மாட்டும் துளைப் பக்கத்திலோ மயிரிழை மாதிரி கோடு ஓடியிருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஸ்டாண்டின் கால்களிலும் பெரிய வீலின் ஆரங்களிலும் பாருங்கள். ஸ்டாண்டு வெடித்தால் வேறு ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை. தலையில் வெடிப்பு என்றால் பணம் போடாதீர்கள். வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஒட்டினாலும் உள்ளே ஓடும் தண்டுகளின் நேர்க்கோடு தப்பிவிட்டால் தையல் சரியாக வராது. மேல்பலகையைக் கரையான் அரித்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். முழு அளவுத் தலைக்குச் சுமார் பதினாலரைக்கு ஏழு அங்குலப் பள்ளம் வேண்டும், ஆனாலும் தலையையே தச்சரிடம் எடுத்துப்போய் அளந்து வெட்டச் சொல்லுங்கள்.

பெயின்ட் விஷயம். சித்தப்பா பையனிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள், வேண்டாம். அந்தக் கறுப்பு சாதாரண பெயின்ட் இல்லை. இரும்பின் மேல் வார்னிஷ் பூசி, சூளையில் சுட்டு, மறுபடி பூசி எடுத்தது. அதன் மேல் தங்கநிறப் பூவேலை ஒட்டி, மேலே மெல்லிய வார்னிஷ். மேல் வார்னிஷில் அரக்கு சேர்ந்திருக்கும், அதனால் தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் கரையும், பூவேலையும் கூடவே வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் கெடுதல்தான். பழைய பனியன் துணியில் மிஷின் ஆயிலைத் தொட்டு, வட்ட வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். துணி பழுப்பாகிக்கொண்டே வரும், உள்ளே இருந்து கறுப்பு மினுங்கும். பூவேலை பாதி அழிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆயாவின் கை பட்டுப் பட்டு முன்பக்கம் தேய்ந்திருக்கிறதே, அதை மூடி ஸ்டிக்கர் ஒட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. தவிர, ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவர்கள் எண்ணெய்த் துளைகளை மூடாமலே அடித்துவிடுகிறார்கள். பளபள என்று வந்த மிஷின் ஆறு மாதத்தில் மறுபடி இறுகுவது அதனால்தான். விற்கும்போதும், விஷயம் தெரிந்த ஆள் பெயின்ட் அடித்ததற்குக் குறைவாகத்தான் கேட்பார்.

மோட்டாரும் இப்போது வேண்டாம். ரொம்பப் பழைய தலைகளில் பின்பக்கம் மோட்டார் மாட்டுவதற்கான இடமே இருக்காது, துளை போட்டுத்தான் மாட்ட வேண்டும். பழகுகிறவருக்கு மோட்டாரின் வேகம் தொந்தரவுதான். ரவிக்கைக் கழுத்து வளைவில் ஒவ்வொரு தையலாக நகர்த்த வேண்டிய இடத்தில் கால் மிதி கொடுக்கிற கட்டுப்பாடு அதில் வராது. முட்டி வலி இருக்கிறவர்கள் மோட்டார் கேட்பது நியாயம், அவர்களுக்கு மோட்டாரோடு வரும் புது மிஷினே நல்லது. மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது மோட்டார் வைத்த பழைய சிங்கராக இருந்தால், அதன் ஒயரைப் பார்க்காமல் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். அந்தக் கால ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரியும், இரும்பு உடம்பு முழுக்கக் கரன்ட் ஏறும்.

வீல் சுழன்றதும் தைத்துப் பாருங்கள். புது ஊசி போட்டுத்தான். பழைய ஊசியை வைத்துக்கொண்டு மிஷின் தையலை விடுகிறது என்று சொல்லக் கூடாது. 15, 66 இரண்டுக்கும் இன்று எல்லாக் கடையிலும் விற்கிற சாதாரண வீட்டு மிஷின் ஊசி பொருந்தும். ரவிக்கைத் துணிக்கு 14ஆம் நம்பர், மெல்லிசுக்கு 11. ஊசியை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஊசியில் ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும், எதிர்ப்பக்கம் மேலே தட்டையாக இருக்கும். நூல் கடைசியாக வந்து இறங்கும் கம்பி வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நீளப் பள்ளம் இருக்க வேண்டும், அங்கிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும்.

மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல் போட்டு, இரண்டாக மடித்த காடாத் துணியில் ஓட்டுங்கள். வீலின் மேல்பகுதி உங்களை நோக்கி வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துபோகும், மிதி பழகும் வரை எல்லோருக்கும் நடப்பதுதான். மேல்பக்கத்தில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் மேல் நூல் ரொம்ப இறுக்கம். அடியில் சிவப்பு நூல் கும்பலாகச் சுருண்டிருந்தால் பாபினைக் குறை சொல்லாதீர்கள், மேல் நூல்தான், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை. அந்தத் தட்டுகளுக்கு நடுவே பழைய நூல் துணுக்கு சிக்கியிருக்கும், ஃபுட்டைத் தூக்கிவிட்டு மடித்த துணியை நடுவே விட்டு இழுத்தால் வந்துவிடும்.

புது ஊசி போட்டும் தையல் விட்டு விட்டு விழுந்தால் அது டைமிங். ஊசி முழுக்க இறங்கி, சுமார் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறும்போது நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். அந்த நொடியில் ஷட்டிலின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். யாராவது முன்னே ஊசித் தண்டின் திருகைத் தளர்த்தியிருந்தால் இந்தச் சந்திப்பு தவறிவிடும். இதை நீங்கள் தொடாதீர்கள், மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை.

மெக்கானிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை சொல்வதற்கு முன் வீலைத் தன் கையால் சுற்றிப் பார்க்கிறவரிடம் கொடுங்கள். பார்த்ததுமே ஷட்டில் செட் முழுசாக மாற்றணும் என்கிறவரிடம் வேண்டாம். பழைய எஃகு ஷட்டில் பெரும்பாலும் இன்றைய மாற்றைவிட உறுதியானது. முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்குங்கள். விட்டுவிட்டு வரத்தான் வேண்டும் என்றால், வேறு மாற்றி வைத்துவிடாமல் இருக்கப் பாபின் கேஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முடிவு. தலையில் வெடிப்பில்லை, வீல் சுழல்கிறது, வட்ட பாபின், இந்த மூன்றும் இருந்தால் யோசிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அதிலேயே தையுங்கள். இது நேர்த்தையல் மட்டும்தான் போடும். ரவிக்கை, பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ், தலையணை உறை, மஞ்சப்பை எல்லாம் தைக்கலாம். ஓவர்லாக், ஜிக்ஜாக் வராது. பர்கூர் துணிக்கடைகளில் மொத்தமாக எடுத்து ஆர்டருக்குத் தைத்துச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குப் பவர் மிஷின் தனியாக வாங்குங்கள். ஓசூர் கார்மென்ட்ஸில் வேலை பார்த்துப் பழகியவர்கள் வீட்டில் கால் மிஷினில் உட்கார்ந்தால் பொறுமை இழந்துவிடுவார்கள், வேகம் அப்படி வித்தியாசம்.

படகு ஷட்டில் என்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தொழிலுக்கு நம்ப வேண்டாம். எப்போதாவது ஓட்டுங்கள், எண்ணெய் விடுங்கள். அதற்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். வெடித்த தலை என்றால் ஸ்டாண்டை நல்ல விலைக்குக் கேட்கிறவரிடம் கொடுத்துவிடுவதில் ஒன்றும் தப்பில்லை. ஞாபகத்துக்கு டிராயரும் அதில் கிடக்கிற சின்னச் சாமான்களும் போதும்.

வீட்டில் இடமில்லை என்பது உண்மையான காரணம், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அப்படியானால் ஒரு வழி இருக்கிறது. ஆரம் வைத்த வீல் உள்ள தலையாக இருந்தால் கைப்பிடி மாட்டி, மரப் பெட்டியில் உட்காரவைத்துக் கை மிஷினாக மாற்றிக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் அடங்கும், ஸ்டாண்டை விற்ற காசில் செலவும் முடிந்துவிடும். யாருக்காவது கொடுத்து உதவலாம் என்றால் தெருவில் முதலில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். சமூகநலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மிஷின் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது வேண்டியிருக்காது. தையல் பழகும் பெண் யாராவது இருந்தால், ஓட வைத்துவிட்டுக் கொடுங்கள். ஓடாததைக் கொடுத்தால் அது அவர்கள் வீட்டு மூலைக்குப் போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இந்த மிஷின் ஆயாவுக்குக் கல்யாணச் சீராக வந்ததா, அவரே தவணை கட்டி வாங்கியதா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள். பங்கு பிரித்தபோது யாரும் பேசாமல் இருந்திருப்பார்கள், மிஷின் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். விற்பதானாலும், ஸ்டாண்டை வெட்டி மேஜை ஆக்குவதானாலும், அதற்கு முன்னால் அவர்கள் காதில் போட்டுவிடுங்கள்.

பெல்ட்டை வீல் சுழல ஆரம்பித்த பிறகு வாங்குங்கள். தோல் பெல்ட் சுமார் ஆறடி நீளத்தில், கொக்கியோடு வரும். உடனே வெட்டிவிடாமல், பெரிய வீலையும் சின்ன வீலையும் சுற்றிப் போட்டு இழுத்துப் பிடித்துப் பார்த்து, ஒரு விரல் அழுத்தினால் சற்று உள்ளே போகிற அளவுக்கு வெட்டி, துளை போட்டுக் கொக்கி மாட்டுங்கள். ரொம்ப இறுக்கினால் மிதி கனக்கும். புதுத் தோல் சில வாரத்தில் தளரும், அப்போது அரை அங்குலம் வெட்டி மறுபடி மாட்ட வேண்டியிருக்கும்.